காலிக் கட்டமும் இரவல் டிராக்டரும்

ஓணாங்குளத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் ஒய்யப்பன், அடுத்தவன் சங்கிலி, கடைசி மொக்கராசு. மூன்று பேருக்கும் சேர்த்து ஓர் ஓட்டு வீடு, ஒரு வெள்ளாடு, ஒரு மூளை. அந்த மூளையும் சங்கிலியின் தாயில்லாத மகள் செவ்வந்தியின் தலையில் இருந்தது.

அவள் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். அதற்கு மேல் ஊரில் பள்ளி கிடையாது. டவுனில் விடுதியோடு ஒரு பள்ளி உண்டு. பரீட்சை எழுதி இடமும் வாங்கிவிட்டாள். உதவித்தொகை கிடைத்தால் அங்கே படிப்பு. கிடைக்காவிட்டால் இங்கே ஆட்டுக்குப் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. ‘பெற்றோர் நிரப்ப வேண்டியது’ என்று போட்டிருந்ததால் செவ்வந்தியைக் கிட்டவே விடவில்லை. மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.’ அதன் கீழே கட்டங்கள். நிலம், டிராக்டர், கறவை மாடு, மாடி வீடு.

சங்கிலிக்கு வேர்த்துவிட்டது.

“நம்மகிட்ட ஒண்ணுமே இல்லியேண்ணே. இல்லைன்னு எழுதிருவோமா?”

“கூறுகெட்டவனே. இல்லைன்னு எழுதினா, காலியா இருக்குன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி.”

“பெறகு என்ன எழுத?”

“ஊர்ல டிராக்டர் இருக்கா, இல்லியா?”

“மில்லுக்காரர் வச்சிருக்கார்.”

“எழுது.”

இப்படியே ஊரில் இருந்ததையெல்லாம் எழுதிக் கட்டங்களை நிரப்பினார்கள். செவ்வந்தி எட்டிப் பார்த்து, குடி முழுகிப் போகும் என்று சொல்லிப் பார்த்தாள். படிக்கப் போகிற பிள்ளை குறுக்கே பேசக் கூடாது என்று பெரியப்பன் அடக்கிவிட்டான்.

விசாரணைக்கு அதிகாரி வருகிற நாள் வந்தது. எழுதினது பொய்யாகிவிடக் கூடாதே. மில்லுக்காரரின் டிராக்டரை இரவல் வாங்கி வாசலில் நிறுத்தினார்கள். மேலத்தெருவிலிருந்து நாலு மாடுகளை ஓட்டி வந்து கட்டினார்கள். மாடிக்குத்தான் வழியில்லை. ஏணியைச் சாய்த்து மொக்கராசுவை ஓட்டின் மேல் ஏற்றி உட்கார வைத்தார்கள். மேலே ஆள் குடியிருந்தால் மாடிதானே.

அதிகாரி மொபெட்டில் வந்து இறங்கினார். டிராக்டரைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். ஓட்டின் மேல் கால்மேல் கால் போட்டிருந்த மொக்கராசுவையும் பார்த்தார். ‘வசதி படைத்த குடும்பம். உதவி தேவையில்லை’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று பேருக்கும் பெருமை தாங்கவில்லை. அந்த வம்சத்தில் சர்க்கார் ஆள் வாயால் வசதி படைத்தவன் என்று பெயர் வாங்கியது அவர்கள்தான்.

செவ்வந்தி ஒரு பொழுது அழுதாள். மறுநாள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். அதிகாரி கோப்பைத் தட்டிக் காட்டினார்.

“இருக்குன்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. இல்லைன்னா அதுக்கு ஆதாரம் வேணும். போட்டோவோட வாங்க.”

வெளியே புளியமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

“இல்லாத டிராக்டரை எப்படிண்ணே போட்டோ எடுக்க?” என்றான் மொக்கராசு.

“அது எங்கே இல்லியோ அங்கே போய் எடுக்கணும்” என்றான் ஒய்யப்பன்.

“வாசல்ல இல்லை.”

“எடு.”

“கிணத்தடியிலயும் இல்லியே.”

“அதையும் எடு. ஒரு இடம் விட்டுப்போனா, அங்கேதான் ஒளிச்சு வச்சிருக்கோம்பார்.”

ஆட்டை விற்றுப் போட்டோக்காரனைப் பிடித்தார்கள். ஊரில் டிராக்டர் இல்லாத இடமெல்லாம் படமாயிற்று. கண்மாய்க்கரை, கோயில் வாசல், அடுப்படி, மொக்கராசுவின் பாய்க்கு அடி. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் கொட்டினார்கள். நாற்பது படம் வரைக்கும் அவர் பொறுமையாகப் பார்த்தார். அப்போது சங்கிலி தலையைச் சொறிந்தான்.

“ஆடு இல்லாததுக்கு மட்டும் படம் இல்லீங்கய்யா. அதை வித்துத்தான் இதையெல்லாம் எடுத்தோம்.”

அதிகாரி அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார். இந்தக் கூட்டத்திடமிருந்து அந்தப் பிள்ளையைப் பிரித்து எங்கேயாவது சேர்த்தாக வேண்டும் என்று தோன்றியிருக்கும். அந்த ஆபீசில் யாருக்கோ ஏதோ தோன்றியதே அதிசயம்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ‘உடன் கொண்டு வர வேண்டியவை: பெட்டி, வாளி, தட்டு, போர்வை, பெற்றோர் அல்லது பாதுகாவலர். எல்லாவற்றிலும் மாணவியின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.’

பஸ் ஏறும்போதே அவர்கள் செய்து வைத்திருந்ததைச் செவ்வந்தி பார்த்துவிட்டாள். அழிக்கச் சொல்லவில்லை. இடம் கிடைத்தாயிற்று, இனி இவர்கள் என்ன செய்தாலும் கெடுக்க முடியாது.

விடுதி வாசலில் வார்டனம்மா பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் பச்சைப் பெயிண்டில் ‘செவ்வந்தி’. வாளியில் ‘செவ்வந்தி’. தட்டில், போர்வையில் ‘செவ்வந்தி’. அப்புறம் வரிசையாக மூன்று நெற்றியில் ‘செவ்வந்தி’. வார்டனம்மா பட்டியலைவிட்டுத் தலையைத் தூக்கவேயில்லை. பெயர் இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றார்கள், டிக் அடித்தார். சாமானையெல்லாம் ஸ்டோர் ரூமில் வைக்கச் சொல்லிவிட்டு, வேண்டியதை மட்டும் அப்புறம் எடுத்துக்கொள், மற்றது லீவுக்குத்தான் என்றார்.

செவ்வந்தி தலையாட்டினாள். போர்வையையும் தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆயா வந்து ஸ்டோர் ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே பெட்டிக்கும் வாளிக்கும் பக்கத்தில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“லீவு எப்பண்ணே?” என்றான் மொக்கராசு.

“சும்மா கிடடா” என்றான் ஒய்யப்பன். “வாளி பேசுதா?”