அமைச்சர் அளந்த ஏரி

உங்கள் ஊரும் என் ஊரும் காடாகக் கிடந்த காலத்தில் வெண்கோடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஓர் அரசர், அரசருக்கு ஓர் அமைச்சர், எல்லாருக்கும் சோறு போட ஒரே ஓர் ஏரி.

ஏரி ஊரிலிருந்து ஒரு நாழிகை நடையில், மேட்டில் இருந்தது. தினமும் காலையில் மருதன் என்பவர் அங்கே போய், கோலை இறக்கித் தண்ணீரை அளப்பார். நேரே சந்தைக்கு வந்து, "இன்னிக்கு ஆறு முழம்" என்று உரக்கச் சொல்வார். அதன் பிறகுதான் அரண்மனைக்குப் போய்ச் சொல்வார். அதுதான் அந்த நாட்டு வழக்கம். நாற்று நடுவதும், வெள்ளம் வந்தால் ஊருக்கு மறுபக்கத்து மேட்டுக்கு ஓடுவதும் அவர் சொல்லும் அளவை வைத்துத்தான்.

அமைச்சர் விழுப்பரையருக்கு இது பிடிக்கவே இல்லை. கத்தரிக்காய் விற்கிறவளுக்குத் தெரிந்த பிறகா எனக்குத் தெரியவேண்டும் என்று வயிறெரிந்தார்.

ஒருநாள் உழவர்களிடம், "நல்ல மழை வரும், நாற்று நடுங்கள்" என்றார். "மருதன் என்ன சொன்னாருங்க?" என்று கேட்டார்கள். சபையில் எழுந்து, "ஏரி நிறையப் போகிறது" என்றார். "மருதன் என்ன சொன்னார்?" என்று அரசர் கேட்டார். வீட்டுக்கு வந்து மனைவி பெருந்தேவியிடம், "விதைநெல்லை ஊறப்போடு" என்றார். "மருதன் என்ன சொன்னாருன்னு கேட்டுட்டுப் போடறேனே" என்றாள் அந்த அம்மாள்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டும் பல்லக்கும் இருக்கிற நான் எங்கே, முழங்கால் சேற்றோடு நிற்கிற அவன் எங்கே! அவனிடம் அப்படி என்ன இருக்கிறது, ஒரு கோல்தானே என்று பொருமினார்.

மறுநாளே அரசரின் காதைக் கடித்தார். இனி அளவு முதலில் அமைச்சரிடம் வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. அப்புறம் அமைச்சர் மருதனைக் கூப்பிட்டு, தன் வாக்கு பலித்ததாக இருக்கட்டும் என்று, "ஒரு முழம் கூட்டிச் சொல்" என்றார். மருதன் மறுத்தார். அடுத்த நாளும் அமைச்சர் கேட்டார், மருதன் மறுத்தார். மூன்றாம் நாளும் கேட்டபோது மருதன் சிரித்துவிட்டார்.

"ஐயா, நீங்க ஏரிக்கு உத்தரவு போடுங்க. அது ஏறிச்சுன்னா நானும் ஏத்திச் சொல்றேன்."

கோல் பறிபோயிற்று. விழுப்பரையர் அதற்கு வெள்ளிப் பூண் கட்டித் தானே அளக்கக் கிளம்பினார். வேறு யாரும் கரை ஏறாதபடி காவலும் போட்டார்.

போன வருடம் மருதன் சொன்ன மிகப் பெரிய அளவு ஏழு முழம். இவர் கோலை இறக்கினால் ஐந்துதான் இருந்தது. அவனுக்கு ஏழு, எனக்கு ஐந்தா? சந்தையில் போய் நின்று, "ஒன்பது!" என்றார். ஊர் நம்பியது. கிடந்த வயலெல்லாம் நட்டது. கதிர் பிடிக்கும் முன் ஏரி வற்றி, பயிர் கருகிப் போயிற்று.

யாரும் அமைச்சரை ஏசவில்லை. அவர் சொல்லைக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு காலையில் அமைச்சர் அளந்தபோது பதினொன்றரை முழம் இருந்தது. பன்னிரண்டைத் தொட்டால் கரை உடையும். அலறி அடித்துக்கொண்டு சந்தைக்கு ஓடினார்.

"பதினொன்றரை! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்கள்!"

"அமைச்சர் கணக்குல பதினொன்றரைன்னா, நம்ம கணக்குல ஏழு இருக்கும்" என்றாள் கத்தரிக்காய்க்காரி. சந்தையே சிரித்தது.

வீட்டுக்கு ஓடினார். அவர் வீடும் பள்ளத்தில்தான் இருந்தது. பெருந்தேவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானே போன தடவை நம்ம வயலும் போச்சு? பேசாம உட்காருங்க" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மருதனின் கோல் கைக்கு வந்துவிட்டது, மருதன்மேல் ஊர் வைத்த நம்பிக்கை அதனோடு வரவில்லை.

மருதன் வீட்டு வாசலில் போய் நின்றார். "பதினொன்றரை இருக்கிறது. நீ வந்து சொல், ஊர் பிழைக்கட்டும்" என்று கெஞ்சினார்.

"நான் பார்க்காததை எப்படிங்க சொல்றது? கோலைக் குடுங்க" என்றார் மருதன்.

அவரைத் தன் பல்லக்கில் ஏற்றி ஓட்டமாய் அனுப்பிவிட்டு, அமைச்சர் சேற்றில் விழுந்து எழுந்து பின்னாலேயே ஓடினார். மருதன் அளந்தார். சந்தைக்குத் திரும்பி வந்து, "பதினொன்றே முக்கால்" என்றார். அவ்வளவுதான், கடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் மேட்டுக்கு ஓடியது. பெருந்தேவியும் ஓடினாள். சற்று நேரத்தில் கரை உடைந்தது. வீடுகள் போயின, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மேட்டில் நனைந்து நின்ற அரசரிடம் அமைச்சர் சொன்னார்: "கோல் மருதனிடமே இருக்கட்டும். இனி அதை நானும் தொடக்கூடாது, நீங்களும் தொடக்கூடாது. சந்தைக்குத் தெரிந்த பிறகு நமக்குத் தெரிந்தால் போதும்."

பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகும்! சொல்லும்போதே அவருக்குக் கசந்தது. கசந்தாலும் சொன்னார்.

ஆகவே, கேட்டவர்களே, நாட்டின் அளவுகோலில் ஆளுகிறவர் கை வைத்தால், பிறகு அவர் மெய்யே சொன்னாலும் நாடு நம்பாது.