கீரி கட்டிய கடல்

உடைமரக் காட்டில் ஒரு கீரி இருந்தது. எதையும் விசுக்கென்று செய்து முடிக்கும் என்பதால் எல்லோரும் அதை விசுக்கன் என்றே கூப்பிட்டார்கள். யாராவது ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் போதும். "தெரியும், தெரியும்!" என்று பாதியிலேயே கிளம்பிவிடும். மீதிப் பாதி எப்போதும் சொன்னவர் வாயிலேயே தங்கிவிடும்.

காட்டிலிருந்து இரண்டு கல் தொலைவில் கடல். ஒரு நாள் இரை தேடிக்கொண்டு கீரி அந்தப் பக்கம் போனது. அன்று கடல் நன்றாக வற்றியிருந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரு குழியில் மட்டும் தெளிந்த தண்ணீர் நின்றது. உள்ளே செம்பவளம் கிளைத்திருந்தது. கடல்தாமரை ஒன்று தன் விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த விரல்களுக்கு நடுவே வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

கீரி வந்த வேலையை மறந்து, வெயில் ஏறும்வரை அங்கேயே குந்தியிருந்தது.

காட்டுக்குத் திரும்பியதும் முதலில் எதிர்ப்பட்டது மயில்.

"மயிலே! நான் என் வீட்டுல ஒரு கடல் வைக்கப் போறேன்!"

"கடலா? வீட்டுலயா?" மயில் கழுத்தை ஒடித்துச் சிரித்தது. "குளத்துல நாலு கெண்டையைப் பிடிச்சு வளர்க்க வேண்டியதுதானே! ஆசை இருக்கலாம், அதுக்காக இப்படியா?"

"சிரி, நல்லாச் சிரி! நாளைக்குப் பார்க்க வருவேல்லா, அப்ப உன்னை வாசல்லயே நிறுத்தி வைக்கிறேன்!"

கீரியின் வளைக்குப் பக்கத்தில் மாட்டுத் தொட்டி அளவுக்குப் பெரிய கற்குழி ஒன்று இருந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நல்ல தண்ணீர் ஊற்றும் இருந்தது. கடல் வைக்க அந்தக் குழிதான் சரி என்று கீரி முடிவு செய்தது. யோசனை கேட்கச் சங்கு நண்டைக் கூட்டிவந்தது. சங்கு நண்டு வீட்டை முதுகில் சுமந்துகொண்டு கடலுக்கும் கரைக்குமாக அலைகிற ஆள். இரண்டு இடத்து வழக்கமும் அதற்குத் தெரியும்.

நண்டு குழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"இடம் சரிதான். ஆனா நிழல் கூடுதல். பவளத்துக்கு வெயில் வேணும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் கீரி குழிக்கு மேலே நின்ற மரத்தில் ஏறிக் கிளைகளைக் கடித்துத் தள்ளிவிட்டது.

"அடுத்தது, கல்லு வேணும்."

"காட்டுல இல்லாத கல்லா!"

"காட்டுக் கல்லு செத்த கல்லு. கடல்ல கிடந்த கல்லாத்தான் வேணும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிர் அதுல குடியிருக்கு. மீன் போடுற அழுக்கை அதுங்கதான் தின்னு தீர்க்கும். அதுங்க இல்லேன்னா மீன் தன் அழுக்கிலேயே கிடந்து சாகும்."

கீரி கடலுக்கும் காட்டுக்குமாகப் பதினோரு நடை நடந்து கல்லும் மணலும் சேர்த்தது. பனையோலைப் பட்டையில் கடல்தண்ணீர் மொண்டு வந்து குழியை நிரப்பியது. தண்ணீர் அசையாமல் நின்றால் நாறிவிடும் என்று நண்டு சொன்னது. உடனே கீரி ஒரு வாலாட்டிக் குருவியை வேலைக்கு அமர்த்தியது. குருவி கரையில் நின்று வாலால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூலி, வயிறு நிறைய ஈசல். எப்படியும் வாலை ஆட்டத்தானே போகிறோம் என்று குருவி ஒப்புக்கொண்டது.

"எல்லாம் ஆச்சு! மீன் எப்போ?" என்று கீரி குதித்தது.

"ஒரு மண்டலம் போகட்டும்."

"நாற்பத்தெட்டு நாளா!"

"கல்லு இன்னும் புது இடத்துல பிழைக்கல. அது பிழைச்ச பிறகுதான் மீன் பிழைக்கும். அவசரப்பட்டேன்னா நான் மீனைக் கூட்டி வரமாட்டேன்."

கீரிக்கு இது பெரிய தண்டனை. ஆனாலும் வேறு வழியில்லாமல் காத்திருந்தது. பத்தாம் நாள் கல்லெல்லாம் தவிட்டு நிறத்தில் பாசி படர்ந்தது. "அழுகிப்போச்சு! எல்லாம் அழுகிப்போச்சு!" என்று கீரி அலறியது. "அழுகலப்பா. முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி நண்டு நாலைந்து நத்தைகளை அனுப்பிவைத்தது. அவை பாசியை மேய்ந்து தீர்த்தன. மண்டலம் முடிந்தபோது குழித் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

கடலில் அந்தக் கோமாளி மீனுக்கு ஒரு தொல்லை இருந்தது. பெரிய களவா மீன் ஒன்று அதைத் தின்னப் பாறை இடுக்கிலேயே காவல் கிடந்தது. காட்டுக் குழிக்கு வருகிறாயா என்று நண்டு கேட்டவுடன் மீன் யோசித்தது.

"அங்கே களவா இல்லையே?"

"களவாவா! நான் இருக்கேன்!" என்றது கீரி. "என்னை நம்பி வா. உனக்கு ஒரு குறையும் வராது!"

மீன் நம்பியது. தன் கடல்தாமரையோடும் ஒரு பவளக் கொத்தோடும் பனையோலைப் பட்டையில் ஏறிக் காட்டுக்கு வந்து சேர்ந்தது.

நண்டு கிளம்பும் நேரம். அதற்கு முதுகுச் சங்கு சிறிதாகிவிட்டது. புதுச் சங்கு தேடப் போக வேண்டும். போகும்முன் குழியின் ஓரத்தில் ஒரு கோடு கீறியது.

"தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெயில் காலம் வருது, தினமும் குறையும். அப்படிக் குறையுற தண்ணிக்கு நீ என்ன செய்யணும்னா..."

"தெரியும், தெரியும்! ஊத்தணும்! நீ போய்ட்டு வா!"

நண்டு போய்விட்டது.

சித்திரை பிறந்தது. மேல்காற்று அனலாக வீசியது. குழித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறைந்தது. கீரி விடியும்முன் எழுந்து இரண்டு கல் நடந்து, பட்டையில் கடல்தண்ணீர் மொண்டு, இரண்டு கல் திரும்பி நடந்து வந்து ஊற்றியது. கோடு வரைக்கும் நிரப்பிவிட்டுத்தான் வாயில் இரை வைக்கும். சுடுமணலில் நடந்து உள்ளங்கால் வெடித்தது. கீரி அதைப் போவோர் வருவோருக்கெல்லாம் தூக்கிக் காட்டியது.

"பக்கத்துலதான் ஊத்து இருக்கே! எதுக்கு இந்தப் பாடு?" என்று மயில் கேட்டது.

"சீ! கடல் மீனுக்கு ஊத்துத் தண்ணியா? நம்பி வந்தவனுக்குக் கலப்படம் பண்ணச் சொல்றியா? உனக்கெல்லாம் வளர்க்கிறதோட அருமை எங்கே தெரியப் போகுது!"

மயில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்தது.

பத்து நாள் கழிந்தது. மீன் மெல்லத் தலையைத் தூக்கியது.

"அண்ணே, தண்ணி ரொம்பக் கரிக்கிற மாதிரி இருக்கு."

"கடல்னா கரிக்காம கற்கண்டாவா இருக்கும்? உனக்கு வீட்டு நினைப்பு வந்துட்டுது, அவ்வளவுதான்!"

மீன் கீரியின் வெடித்த கால்களைப் பார்த்தது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

வைகாசியில் கடல்தாமரை விரல்களை மடக்கி, மூடிய கைப்பிடி போலச் சுருங்கிவிட்டது. பவளம் வெளுத்தது. நத்தைகள் கரையேறி ஒட்டிக்கொண்டன. மீன் அடியில் சாய்ந்து கிடந்து மூச்சு வாங்கியது.

"என்னை நம்பி வா" என்று தான் சொன்ன சொல்தான் கீரியின் காதில் ஒலித்தது. களவாவின் வாயிலிருந்து தப்பிய உயிர் தன் வீட்டில் சாகப் போகிறதே! 'தண்ணி பத்தலை போல' என்று நினைத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு நடைக்கு இரண்டு நடையாகக் கடலுக்குப் போனது. ஊற்ற ஊற்ற மீன் இன்னும் வாடியது. குழியின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்தது. பூஞ்சை என்று நினைத்துக் கீரி அதைச் சுரண்டிச் சுரண்டித் தள்ளியது. அதில் பாதி தண்ணீரிலேயே விழுந்தது.

அப்போதுதான் உப்பளத்துக் கழுதை ஊற்றில் தண்ணீர் குடிக்க வந்தது. குடித்துவிட்டுத் திரும்பும்போது குழி ஓரத்து வெள்ளையை ஒரு நக்கு நக்கியது.

"ஏ கழுதை! என் மீன் சாகக் கிடக்கு, உனக்குத் தீனியா கேட்குது!" என்று கீரி சீறியது.

"கோபப்படாதே வே. நம்ம சரக்கு மாதிரி இருந்துது, அதான் ருசி பார்த்தேன். நீ உப்பளம் போட்டிருக்கேன்னு சொல்லவே இல்லையே!"

"உப்பளமா? இது கடல்! தினம் கடல்தண்ணியா ஊத்தி வளர்க்கிறேன்!"

"எங்க முதலாளியும் அதைத்தானே செய்றார்! கடல்தண்ணியைப் பாத்தியில கட்டுவார். வெயில் குடிக்கும். மறுபடியும் கட்டுவார். மறுபடியும் குடிக்கும்."

"தெரியும், தெரியும்! வெயில் குடிக்கிற கடலுக்குப் பதில் கடலைத்தான் ஊத்தறேன்!"

கழுதை தன் முதுகைத் திருப்பிக் காட்டியது. உப்பு மூட்டை உராய்ந்து உராய்ந்து மயிரெல்லாம் உதிர்ந்திருந்தது.

"வெயில் உப்பையும் சேர்த்துக் குடிச்சிருந்தா என் முதுகு ஏன் வே இப்படிக் கிடக்கு?"

கீரி அந்த முதுகைப் பார்த்தது. ஓரத்து வெள்ளையைப் பார்த்தது. கோட்டைப் பார்த்தது. இரண்டு மாதம் நடந்த நடையெல்லாம் குழிக்குள் உப்பாகக் கிடப்பது அப்போதுதான் அதற்குப் புரிந்தது. வெயில் கொண்டுபோனது வெறும் தண்ணீரைத்தான். அந்த வெறும் தண்ணீர் பத்தடி தூரத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

கீரி பட்டையைக் கவ்விக்கொண்டு ஊற்றுக்குப் பாய்ந்தது.

"நில்லு, நில்லு! ஒரேயடியா ஊத்திடாதே!" என்று கழுதை கத்தியது. "உப்பு சுமந்த களைப்புல ஒரே மூச்சாத் தண்ணி குடிச்சா எனக்கு வயித்தைப் பிடிச்சுக்கும். நாலு வாய் குடிச்சு நிறுத்தணும். பிறகு நாலு வாய். இதுக்கும் அப்படித்தான் இருக்கும்."

'தெரியும்' என்ற சொல் கீரியின் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டது. உப்பேறிய தண்ணீரில் ஒரு கை அள்ளி வெளியே கொட்டியது. ஒரு கை ஊற்றுநீர் விட்டது. உட்கார்ந்து காத்திருந்தது. பிறகு இன்னொரு கை. இரண்டு கல் ஓடுவதைவிட அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது அதற்குப் பெரும் பாடாக இருந்தது. குருவி வாலை ஆட்டிக்கொண்டே துணைக்கு நின்றது.

நாலாம் நாள் மீன் நிமிர்ந்து நீந்தியது. ஒரு வாரத்தில் கடல்தாமரை ஒவ்வொரு விரலாக விரித்தது. பவளத்தில் ஒரு கிளை மட்டும் பிழைக்கவில்லை. அது வெள்ளையாகவே நின்றுவிட்டது.

"கரிக்குதுன்னு ஒரு தடவைதான் சொன்னே. பிறகு ஏன் சொல்லல?" என்று கீரி மீனைக் கேட்டது.

"உங்க காலைப் பார்த்தேன் அண்ணே. இவ்வளவு பாடுபடுறவங்ககிட்ட எப்படிக் குறை சொல்றதுன்னு இருந்துட்டேன்."

கீரிக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அது யாருக்கும் தன் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டவில்லை.

ஆனியில் சங்கு நண்டு புதுச் சங்கோடு வந்தது. "அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தேன். குறையுற தண்ணிக்கு என்ன செய்யணும்னா..." என்று தொடங்கியது. கீரிக்கு இப்போது உண்மையிலேயே தெரியும். ஆனாலும் உட்கார்ந்து, கடைசிச் சொல் வரைக்கும் கேட்டது.

மயிலும் பார்க்க வந்தது. கீரி அதை வாசலில் நிறுத்தவில்லை. மயில் குழிக்குள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"விசுக்கா! இதைக் காப்பாத்த எவ்வளவு தூரம் நடந்திருப்பே!"

கீரி வெளுத்துப்போன பவளக் கிளையைப் பார்த்தது.

"பத்தடி" என்றது.

குறைந்தது எது என்று கேட்டறியாமல் ஊற்றுகிறவன், கால் தேய நடந்து ஊற்றினாலும் கேட்டைத்தான் நிரப்புகிறான்.