ராணி வைத்த அவரைப் பந்தல்

இன்ன காலம் என்று யாராலும் சொல்ல முடியாத முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றை நரேந்திரபூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். அவருடைய ராணி செங்கமலவல்லிக்கு நகையிலும் பட்டிலும் நாட்டமில்லை. அரண்மனைக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டிருந்தாள். ஆடியில் தன் கையால் விதை ஊன்றுவாள். புரட்டாசியில் வெண்டையும் கத்தரியும் வந்துவிடும். ஐப்பசியில் புடலங்காய் பந்தலிலிருந்து தொங்கும்; வளைந்துவிடாமல் இருக்க நுனியில் கல் கட்டுவாள். மார்கழிப் பனியில் அவரை பூத்து, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அப்படிப் பந்தல் நிறையக் காய் இருந்த ஒரு தை மாதத்தில்தான் ராணி காய்ச்சலில் விழுந்தாள். பிறகு எழவே இல்லை.

அரசர் இடிந்துபோனார். ஈமக் கடன்கள் முடிந்ததும் சபையைக் கூட்டினார்.

“தேவி கடைசியாகத் தன் தோட்டத்தில் நின்ற நாளில் அது எப்படி இருந்ததோ, என்றும் அப்படியே இருக்க வேண்டும். அன்று அங்கே இருந்த எதுவும் மாறக் கூடாது. ஆணையை மீறுபவரின் தலை போகும்” என்றார்.

அரசவை விகடகவி திருமேனிகூட மற்றவர்களைப் போலத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டான். ஒவ்வோர் ஆண்டும் முதல் கத்தரிப் பிஞ்சுகளை ராணி அவனுக்குத்தான் கொடுத்தனுப்புவாள்.

பங்குனி வெயில் வந்தது. அவரை இலைகள் பழுத்து உதிர்ந்தன. பறிக்காத காய்கள் பந்தலிலேயே காய்ந்து சலசலத்தன. அரசர் தோட்டத்துப் பக்கமே போகாததால் அவருக்கு இது தெரியாது. அமைச்சர்களுக்குத் தலைவரான பிரதானி நாகராயர் போய்ச் சொன்னார். தோட்டக்காரி காளியாயியைச் சிறையில் தள்ளினார்கள்.

திருமேனி ஓடிப்போய் அரசர் முன் நின்றான். “பிரபு, இலை உதிர்ந்தது அவள் குற்றமா? கருணை காட்ட வேண்டும்.”

நாகராயர் இந்தத் தருணத்துக்காகவே பல நாள் காத்திருந்தவர். தம் யோசனையைவிட ஒரு கோமாளியின் பேச்சு அரசர் காதில் ஏறுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“மகாராஜா, திருமேனியால் ஆகாத காரியம் உண்டா? தோட்டத்தை அவரிடம் ஒப்படைப்போம். சித்திரைப் பௌர்ணமிக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் இருவருக்கும் ஒரே தண்டனை” என்றார்.

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர். அவர் திருமேனியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திருமேனி தோட்டத்துக்குப் போனான். அது குச்சியும் சருகுமாகக் கிடந்தது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தை மாதம் திரும்புமா? ராணி உட்கார்ந்து களை எடுக்கும் இடத்தில் அவனும் உட்கார்ந்தான். அரசர் சொன்ன ஆணையை ஒவ்வொரு சொல்லாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு எழுந்து சிறைச்சாலைக்கு நடந்தான்.

காளியாயி அழுது ஓய்ந்திருந்தாள். “சாமி, எல பழுத்தா விழத்தானே செய்யும்? ஒட்டியா வைக்க முடியும்?”

“அதை விடு, தாயே. தேவியார் கடைசியாகத் தோட்டத்துக்கு வந்த அன்றைக்குக் காலையில் இங்கே யார் யார் இருந்தார்கள்? யார் என்ன செய்தார்கள்? ஒன்று விடாமல் சொல்.”

அவள் சொன்னாள். திருமேனி கேட்டுக்கொண்டான்.

பௌர்ணமியன்று சபை முழுவதும் தோட்டத்தில் கூடியது. காளியாயியைக் காவலர்கள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பந்தல் காய்ந்தது காய்ந்தபடியே இருந்தது. நாகராயரின் முகம் மலர்ந்தது.

“ஆணை என்னவாயிற்று, திருமேனி?” என்றார் அரசர்.

“நிறைவேற்றத்தான் நிற்கிறேன், பிரபு. அன்று இங்கே இருந்ததில் எது முதலில் மாறியதோ, அதை முதலில் சரிசெய்ய வேண்டும் அல்லவா? இலை உதிர்ந்தது பங்குனியில். அதற்கு முன்பே, தை மாதத்திலேயே ஒன்று காணாமல் போய்விட்டது.”

“எது?”

திருமேனி பந்தலடியில் கிடந்த காய்க்கூடையை எடுத்துக்கொண்டான். “அன்று இந்தப் பந்தலுக்கடியில் ஒருவர் நின்றார். தலையில் கிரீடம் இல்லை. பழைய வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். தேவியார் காய் பறித்துப் போட, இந்தக் கூடையை ஏந்திக்கொண்டிருந்தார். தேவியார் படுத்த பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை. ஆணையை முதலில் மீறியவர் அவர்தான். அவருடைய தலை போன பிறகு எங்கள் தலைகளை எடுங்கள். முறை அதுதானே?”



“ராஜ நிந்தனை! மகாராஜா, இவனை இங்கேயே...” என்று கத்தினார் நாகராயர்.

அரசர் கையை உயர்த்தினார். திருமேனி கூடையை அவரிடம் நீட்டினான்.

அரசர் மெல்லக் கிரீடத்தைக் கழற்றிக் காவலனிடம் கொடுத்தார். கூடையை வாங்கிக்கொண்டு பந்தலுக்கடியில் போய் நின்றார். ஒரு காய்ந்த கொத்தைப் பறித்தார். விரல் பட்டதும் தோடு வெடித்து, கருத்த விதைகள் உள்ளங்கையில் விழுந்தன.

“கண்ணுங்களா...” என்றாள் காளியாயி விதைகளைப் பார்த்து, தன்னை மறந்து. பிறகு, “மகாராசா, அந்தக் கொத்தத்தான் ராணியம்மா பறிக்காத, விதைக்கு விடுன்னாங்க. வர்ற ஆடிக்கு ஊனணும்னாங்க” என்றாள்.

அரசர் விதைகளை மூடிப் பிடித்துக்கொண்டார். சபை பார்க்க, கூடையோடு தரையில் உட்கார்ந்து அழுதார். ராணி இறந்த நாளில்கூட அவர் அழுததை ஒருவரும் பார்த்ததில்லை.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “காளியாயியை விடுங்கள். ஆணை ரத்து.”

“அவசரப்பட வேண்டாம், பிரபு” என்றான் திருமேனி. “அன்று இங்கே இன்னொருவரும் இருந்தார். ஏதோ ஒப்பம் வாங்க வந்த இடத்தில் தேவியாரிடம் அகப்பட்டுக்கொண்டார். தொழுவத்துக்கும் தோட்டத்துக்குமாகக் காலை முழுவதும் சாணிக் கூடை சுமந்தார். காளியாயி, அவர் யார்?”

“நம்ம பிரதானி அய்யாதான். தலப்பாவக் கழட்டிச் சும்மாடு கட்டிக்கிட்டாரு” என்றாள் அவள்.

நாகராயர் தம் தலைப்பாகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த அரசருக்கு அந்தக் காலை முழுவதும் கண்முன் வந்தது. சிரிப்பு முதலில் ஓர் இருமல் போல வந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். கண்ணீர் காயாத முகத்தோடு, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பிரதானி, ஆணை ஆணைதான். இன்று ஒரு நாள் மட்டும் சுமந்துவிடும். அதன் பிறகு ரத்து” என்றார்.

நாகராயர் சுமந்தார். அரசர் தம் கழுத்திலிருந்த முத்து மாலையைத் திருமேனிக்குப் போட்டார். “வேறு என்ன வேண்டும்?” என்று கேட்டார். வேலியோரம் நாலு கத்தரி வைத்துக்கொள்ள இடம் கேட்டான் திருமேனி. கிடைத்தது.

ஆடி பிறந்தது. அரசர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ராணியின் அவரை விதைகளைத் தம் கையால் ஊன்றினார். மழை பெய்தது. முளை கண்டதா என்று காலையில் எழுந்ததும் ஓடிவந்து பார்ப்பார். ஒரு நாள் வரிசை வரிசையாக முளை விட்டிருந்தது. வரிசையில் சேராமல் நடுவில் ஒரு தடித்த முளை தனியாகத் தலை நீட்டியிருந்தது. சுரையோ பூசணியோ, இன்னும் அடையாளம் தெரியவில்லை.

“இது நாம் போடாதது, பிரபு. பிடுங்கிவிடட்டுமா?” என்று குனிந்தான் திருமேனி.

“வேண்டாம்” என்றார் அரசர். “அவள் போட்டதாக இருக்கும்.”

அது ஏறிப் படர ஒரு குச்சியை அவரே தேடி எடுத்துவந்து நட்டார்.