மணிக்கட்டு வாட்ச்மேன்

ஒரு மணிக்கட்டுல ஒரு வாட்ச்மேன் இருந்தானாம். "ம்" கொட்டு தாரணி. சித்தி வயித்து மேல காலைப் போடாதே. உள்ள பாப்பா உதைக்குது, வெளிய நீ உதைக்கிறே, நான் எங்கடி போவேன்?

"ம்."

ரத்தத்துல வெள்ளை அணு இருக்குன்னு டாக்டர் சொன்னாரே, அந்தக் கூட்டத்து ஆளு அவன். கிருமி வந்தா விசில் ஊதணும். பீ...ப்! உடனே தடியனுங்க தடதடதடன்னு ஓடி வந்து மிளகாத்தூளை அள்ளி வீசுவானுங்க. கிருமி காலி. நல்ல வாட்ச்மேன்தான். ஆனா ஒரு தடவை பார்த்த மூஞ்சியை மறக்கவே மாட்டான், அதான் தொந்தரவு.

"ம்."

அப்போ திருவிழாவுல பளபளன்னு ஒரு மெட்டல் வளையல் வாங்கினியே, உங்கம்மா கத்தக் கத்த? வேர்த்ததும் அதுலேர்ந்து துளியூண்டு மெட்டல் தோலுக்குள்ள இறங்குச்சு. பாவம், அதுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்ல. இவன் பார்த்தான். "திருடன்!" பீ...ப்! தடதடதட! கை சிவந்து வீங்கிப் போச்சு.

அப்புறம் வளையலைக் கழட்டியாச்சு. இவன் போனானா? அங்கேயே பாயை விரிச்சுட்டான். அப்புறம் உன் வாட்ச் கொக்கி வந்துச்சு, அதுவும் அதே மெட்டல். "அவன் தம்பிடா இவன்!" பீ...ப்!

ஒரே நமைச்சல். நீ சர்ரு சர்ருன்னு சொறிஞ்சே. தோல் சுவரு பேந்துச்சு. "ஐயோ, அஞ்சு பேரு சுவரை உடைக்கிறானுங்கடா!" பீப்பீப்பீப்! யாரு அந்த அஞ்சு பேரு?

"என் நகம்."

ஆமா, வீட்டுக்காரியையே திருடிங்கிறான்! நீ சொறிய அவன் ஊத, அவன் ஊத நீ சொறிய. ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி.

அங்க ஒரு அக்கா இருக்கா. அவளும் வெள்ளை அணுதான். இவனுங்களை அடக்குறதுதான் அவ வேலை. "நம்ம நகம்டா, சும்மா இரு!"ன்னு கத்தினா, இந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கும்? அப்போ டாக்டர் கொடுத்த களிம்பு சில்லுனு இறங்குச்சு. இரைச்சல் அடங்குச்சு. அக்கா குரல் கேட்டுச்சு. அவன் விசிலை வச்சுட்டுப் படுத்துட்டான்.

"செத்துட்டானா?"

சீ, தூங்குறான். அங்கேதான் இருப்பான். சொறிஞ்சே, எழுந்துக்குவான். புண்ணோட இருந்தா நாளைக்கு என் வளைகாப்புல உனக்கு ஒரு கண்ணாடி வளையல்கூட கிடையாதுன்னு உங்கம்மா சொல்லிட்டா.

"சித்தி, உன் வயித்துலயும் வாட்ச்மேன் இருக்கானா? பாப்பாவை அடிப்பானா?"

அடியே, இதை நினைச்சு நானே பயந்திருக்கேன். இருக்கானுங்க, கூட்டமா. வந்திருக்கிறதோ புது ஆளு, பாதி மூஞ்சி உங்க சித்தப்பா மூஞ்சி. இத்தனை மாசமா ஒருத்தனும் ஊதலையே! அக்கா வாசல்லயே உக்காந்திருக்கா. "நம்ம பிள்ளைடா."

"சித்தி, சொறியாதே."

நான் எங்க சொறிஞ்சேன்? வயித்தைத் தடவினேன். சரி, சொறிஞ்சேன். கொண்டா உன் ரெண்டு கையையும், என் வயித்து மேல வை. உன்னாலயும் சொறிய முடியாது, என்னாலயும் முடியாது.

மணிக்கட்டுல விசில் அடங்குச்சு, வயித்துல உதை அடங்குச்சு. நீயும் அடங்கு கண்ணு. நாளைக்கு எனக்கு முதல் வளையல் நீதான் போடணும்.