கருமலைக்கு முன்னால் யார்?

“நான் எழுதின புரோகிராம் பொய் சொல்லாது மேடம். அந்தச் சிஸ்டர்தான் பொய் சொல்லுதாங்க,” என்றார் சீடர்.

குரு தலையை நிமிர்த்தவில்லை. ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

சீடர் தேவசகாயத்துக்கு ஐம்பத்தாறு வயசு. நாகர்கோவில்காரர். குரு செல்வநாயகிக்கு முப்பத்து மூணு. ஊர் கோபிக்குப் பக்கம். எங்கள் கோயமுத்தூர் ஆபீசில் அவங்களைக் குரு என்று கிண்டலாகத்தான் கூப்பிட ஆரம்பித்தோம். அப்புறம் அதுவே ஒட்டிக்கொண்டது. தேவசகாயம் சார் மட்டும் மேடம் என்பார்.

நான் பக்கத்து மேசைக்காரன். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் காதை மூடிக்கொண்டு வேலை பார்க்க முடியுமா, சொல்லுங்கள்.

எங்கள் வேலை இதுதான். மலைக்கிராமத்துச் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் இருக்கும். ஒவ்வொன்றிலும் எங்கள் பெட்டி ஒன்று. உள்ளே எத்தனை டிகிரி என்று அது அடிக்கடி எங்கள் சர்வருக்குச் சொல்லும். நடுவில் எவனும் கேட்டுவிடக் கூடாது, மாற்றிவிடக் கூடாது என்று அந்தப் பேச்சு முழுக்கப் பூட்டுப் போட்டுத்தான் வரும். பூட்டைத் திறந்து கேட்கிற புரோகிராம் சி மொழியில் எழுதியது. எழுதியவர் தேவசகாயம்.

கருமலைப் பெட்டியின் இணைப்பு அடிக்கடி அறுந்தது. யார் பெட்டி அறுந்தது என்று வாராவாரம் ஒரு லிஸ்ட் போகும், அவர் கையெழுத்தோடு. அதைப் பார்த்து மாவட்ட ஆபீஸ் கருமலை நர்ஸ் மாதம்மாளுக்கு மெமோ கொடுத்தது. ஒன்றல்ல, மூன்று. வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் தேறாவிட்டால் சஸ்பென்ஷன்.

அன்றைக்குப் புதன்கிழமை.

“சிஸ்டர் என்ன சொல்றாங்க?” என்றார் குரு.

“பெட்டியைத் தொடவே இல்லைங்காங்க. தொட்டவன் எவன் தொட்டேன்னு சொல்லுவான்?”

“உங்க புரோகிராம் என்ன சொல்லுது?”

“பூட்டோட சான்றிதழ் தேதி சரியில்லைங்குது. அதாவது பெட்டியோட கடிகாரம் பின்னால போயிட்டு. பிளக்கைப் புடுங்கினா அப்படித்தான் போகும். போன் சார்ஜ் போடப் புடுங்கியிருக்காங்க. இதுல என்ன சந்தேகம்?”

குரு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

“பெட்டி சொல்றதைப் படிக்கப் போறப்ப, தகவலுக்குப் பதிலா மைனஸ் ஒண்ணு வந்தா உடனே இணைப்பை மூடிருவீங்களா?”

தேவசகாயத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “நான் என்ன நேத்து பேஞ்ச மழையில முளைச்ச காளானா? மைனஸ் ஒண்ணு வந்தா ஏன்னு திருப்பிக் கேப்பேன். ‘இன்னும் தகவல் வரல, பொறு’ன்னு சொன்னா பொறுப்பேன். ‘பழுது’ன்னு சொன்னாத்தான் மூடுவேன். எந்தப் பெட்டி, என்ன பழுதுன்னு எழுதி வைப்பேன். இது சின்னப் பயலுக்கும் தெரியும்.”

“சரிங்க. கருமலைக்கு முன்னால யாரு?”

“முன்னாலன்னா?”

“உங்க புரோகிராம் பெட்டிகளைக் கேக்கற வரிசையில.”

“டவுன் ஆஸ்பத்திரி. அங்க ஜெனரேட்டர் மாத்தும்போது பெட்டி அணைஞ்சு எரியும். பேச ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை அறுந்துரும். அடுத்த நிமிஷம் தானாவே சரியாகி வந்துரும்.”

“ஏன் அறுந்துச்சுன்னு கேப்பீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? அதான் வந்துருதே.”

குரு ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் மடித்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்க.”

“இன்னைக்கே பாருங்க மேடம். வந்து என் புரோகிராம் கோடைப் பாருங்க.”

“நான் யாரோட கோடையும் பாக்கறதில்லீங்க. உங்களுக்குத் தெரியுமே.”

அது உண்மைதான். அடுத்தவர் கீபோர்டில் குரு விரல் வைத்து நான் பார்த்ததில்லை. என்னுடையதைத் தொட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும். கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை, பூபதி குருவின் ரூமுக்குள் போனான்.

பூபதி முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் டெஸ்ட் சர்வரை அணைத்துவிட்டவன். ஒன்பது பேர் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கு இவனுக்கு அர்ச்சனை உண்டு என்று நாங்கள் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டே நிமிஷம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

“என்னடா சொன்னாங்க?”

“ஊர்ல மழையான்னு கேட்டாங்க.”

தேவசகாயம் உள்ளே போனார். கதவு திறந்தேதான் இருந்தது.

“டெஸ்ட் சர்வரை எதுக்கு அமத்துனீங்க?” என்றார் குரு.

“யாரு, நானா?”

“ஒன்பது பேரு வேலை நின்னு போச்சு. யாரைக் கேட்டுட்டு அமத்துனீங்க?”

“மேடம், அது பூபதி. இப்பதான இங்கேருந்து போறான்.”

“இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க.”

“நான் செய்யாததுக்கு நான் எதுக்கு எழுதணும்?”

“தப்பு நடந்துச்சா, இல்லீங்களா?”

“நடந்துச்சு.”

“இப்ப என் முன்னால நிக்கறது யாரு?”

“நான்.”

“அப்புறம் என்னங்க? எழுதுங்க.”

அதற்கு அப்புறம் அவர் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. முப்பது வருஷ சர்வீஸ், ஒரு மெமோ வாங்கினது கிடையாது, வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா என்று ஆபீஸ் அதிர்ந்தது. டீ கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

குரு அசையவில்லை. “சாயங்காலத்துக்குள்ள குடுங்க,” என்றார்.

எனக்கே ரத்தம் கொதித்தது. ஒரு பெரிய மனுஷனை இப்படியா நிற்க வைத்துப் பேசுவது?

தேவசகாயம் மேசைக்கு வந்தார். “நான் இந்த வேலையே வேண்டாம்னு எழுதப் போறேன்,” என்றார் என்னிடம்.

“எழுதுங்க சார்,” என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல?

அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அவர் எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார்.

“எனக்கு முன்னால் வந்தவர் செய்த தவறை, விசாரிக்காமல், அடுத்து வந்து நின்ற ஒரே காரணத்துக்காக என் மேல்…”

நிறுத்தினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த வரியை மறுபடி படித்தார், சத்தம் இல்லாமல்.

லெட்டரை மூடினார். புரோகிராமைத் திறந்தார்.

மதியம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. மூன்று மணிக்கு என்னை நாற்காலியோடு இழுத்தார்.

“மக்கா, இதைப் பாரு. பழுது வந்தா என்ன பழுதுங்கிற குறிப்பு ஒரு இடத்துல போய் விழும். எல்லாப் பெட்டிக்கும் அது ஒரே இடந்தான். டவுன் பெட்டி அணைஞ்சு எரியும்போது அதோட கடிகாரந்தான் பின்னால போகுது. அறுந்ததும் அந்தக் குறிப்பு அங்க விழுது. நான் எடுத்துப் படிக்கல. துடைக்கவும் இல்ல.”

“சரி.”

“அடுத்து கருமலை. மலைச் சிக்னல், மெதுவாத்தான் வரும். தகவல் இன்னும் வரல, மைனஸ் ஒண்ணு. நான் ஏன்னு கேக்கேன். இந்த ‘ஏன்’ இருக்கே, அது முதல்ல அந்தக் குறிப்பு கிடக்கா இல்லையான்னுதான் பாக்கும். கிடந்தா, பழுதுன்னு சொல்லிரும். யாரோட பழுதுன்னு பாக்காது.”

“அப்போ கருமலை சொன்னது…”

“பொறுன்னு மட்டுந்தான்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் அதை மூடிட்டு, டவுன் பெட்டிக் குறிப்பை எடுத்துக் கருமலை பேருல எழுதியிருக்கேன்.”

“மத்த பெட்டிக்கெல்லாம் ஏன் இப்படி ஆகலை?”

“அதெல்லாம் கேட்டதும் பதில் சொல்லுற பெட்டி. நல்லாப் பேசுறவன்கிட்ட எவன் ஏன்னு கேக்கான்?”

பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதத்தில் கருமலை பதினேழு தடவை அறுந்திருந்தது. பதினேழு தடவையும் அதற்குச் சற்று முன்னால் டவுன் பெட்டி அறுந்திருந்தது.

படிக்கப் போவதற்கு முன்னால் பழைய குறிப்பைத் துடைக்க ஒரு வரி எழுதினார். டவுன் பெட்டி அறுந்தால் அதன் பெயரிலேயே படித்து எழுத இன்னும் இரண்டு வரி. நான் டவுன் பெட்டி மாதிரி ஒன்றை அறுத்து அறுத்துப் பார்த்தேன். கருமலை பொறுமையாக, மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தது.

அவர் குருவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். இனிமேல் ஒட்டுக் கேட்கிறவன் என்றாலும் பரவாயில்லை.

“கண்டுபிடிச்சிட்டேன் மேடம்.”

“சரிங்க.”

“காலையில இத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கினதுக்கு, நேராச் சொல்லியிருக்கலாமே?”

“நேத்து நேராத்தான் கேட்டேன், முன்னால யாருன்னு.”

தேவசகாயம் மெல்லத் தலையாட்டினார்.

“சிஸ்டருக்கு என்ன பண்றீங்க?” என்றார் குரு.

“இனி லிஸ்ட்ல அவங்க பேர் வராது. தொழில்நுட்பக் கோளாறுன்னு மாவட்ட ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டுரலாம்.”

“யாரோட கோளாறுங்க?”

கேட்டுவிட்டு குரு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

தேவசகாயம் மேசைக்கு வந்து மெயில் எழுதினார். “மூன்று மெமோவுக்கும் காரணமான தவறு என்னுடையது. பெட்டியைச் சிஸ்டர் மாதம்மாள் தொடவில்லை. கருமலை இணைப்பில் பழுது இருந்ததே இல்லை.” கீழே தன் முழுப் பெயரையும் போட்டார். அனுப்புகிற பட்டனை அழுத்த அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மாவட்ட ஆபீசிலிருந்து போன் வந்தது. விசாரணை ரத்து, மெமோ மூன்றும் வாபஸ்.

“இதை அவங்களுக்கு நானே சொல்லுதேன்,” என்று கருமலைக்குப் போன் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ஏனுங் சார்,” என்றது அந்தப் பக்கம். குரலிலேயே பயம் தெரிந்தது. “நாளைக்குக் காத்தால வந்தர்றனுங். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிருவேன்.”

“வர வேண்டாம் சிஸ்டர். தப்பு உங்க மேல இல்ல. என் மேல. நீங்க பெட்டியைத் தொடல. எனக்கு இப்பதான் தெரியும். நான் செஞ்சது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க.”

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. தேவசகாயம் போனை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

“மூணு மாசமாச் சோறு எறங்கலைங் சார்,” என்றாள் மாதம்மாள். “இருவது வருச வேலைங். எம் பையன் மூஞ்சியப் பாக்க முடியலைங்.”

“தெரியும்மா. மெமோ எல்லாம் வாபஸ் வாங்கியாச்சு. இனி ஒண்ணும் இல்ல. நிம்மதியா இருங்க.”

“சாமி மாதிரி சொன்னீங்க சார்.”

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப யாருமே பிளக்கைப் புடுங்கலைங்களா?”

“யாருமே இல்ல.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் போனைக் குனிந்து பார்த்தார்.

“ரங்கிய நிறுத்திப்போட்டேன் சார்.”

“யாரு ரங்கி?”

“இங்க கூட்டித் தொடைக்கறவளுங். ரெண்டாவது மெமோ வந்தன்னிக்கே வர வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நான் தொடலைன்னா அவதானே தொட்டிருக்கோணும்? எனக்கு அடுத்தாப்பல அந்த ரூமுக்குள்ள வர்றது அவ ஒருத்திதானுங்களே. ‘நா இல்லக்கா, எங் கொழந்தை மேல சத்தியம்’னா. கால்ல விழுந்தா. நான் காதுலயே வாங்கலைங் சார்.”

தேவசகாயம் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அந்த அம்மா போன் நம்பர் சொல்லுங்க. நானே பேசுதேன்.”

“அவளுக்கு ஏதுங் சார் போனு? பஸ்ஸு நிக்கற எடத்துல இருந்து மேல ஏழு கிலோமீட்டரு ஏறோணும் அவ ஊருக்கு.”

“அப்ப வழி சொல்லுங்க,” என்றார் அவர்.