முப்பத்தொன்று வரை

பெண்கள் விடுதி நடத்தும் அறக்கட்டளையில் கணினித் தரவுகளைப் பார்த்துக்கொள்பவன் தணிகைவேல். கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் சங்கடம்.

தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சகாயமேரியிடம் மடிக்கணினியோடு வந்து நின்றான்.

“மேடம், வெப்சைட்காரங்க டூல் தப்பு. ஒண்ணாந் தேதியிலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும் வந்த விண்ணப்பம் கேட்டா, கூடுதலா பேர் காட்டுது. என் டூல்ல அந்தப் பேரெல்லாம் இல்லவே இல்லை. லிஸ்ட்லேர்ந்து தூக்கிடலாமா?”

“அந்தப் பொண்ணுங்க என்னிக்குப் போட்டவங்க?”

பார்த்தான். “எல்லாரும் முப்பத்தொண்ணு.”

“தூக்கினா?”

“இந்த வருஷம் விடுதியில இடம் கிடையாது.” அலட்டிக்கொள்ளாமல் சொன்னான்.

சகாயமேரி தலையாட்டினார். “வெள்ளி வரைக்கும் லீவு கேட்டியே, கொடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை காலையில வந்துரு.”

“மேடம், வெள்ளிக்கிழமைதானே தங்கச்சி கல்யாணம்.”

“அதுக்கென்ன? வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடிச்சா வெள்ளி பிறந்துடுது. அது வரைக்கும் லீவு.”

“வெள்ளி வரைன்னா வெள்ளியும் சேர்த்துத்தான் மேடம். யாரை வேணா கேளுங்க.”

“உன் டூலைக் கேட்டியா?”

மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தான். தேதியை மட்டும் கொடுத்திருந்தான், மணி கொடுக்கவில்லை. அவனுடைய டூல் தானாகவே நள்ளிரவு பன்னிரண்டைப் போட்டுக்கொண்டு, முப்பத்தொன்று பிறந்த நொடியிலேயே கடையைக் கட்டிவிட்டது. வெப்சைட்காரர்களின் டூல் அந்த நாள் முடியும் வரை எண்ணியிருக்கிறது. அத்தனை பெண்களையும் வெளியே தள்ளப் பார்த்திருக்கிறான்.

அங்கேயே உட்கார்ந்தான். ‘முப்பத்தொன்று வரை’ என்று கேட்டதை அழித்துவிட்டு, ‘அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பிறப்பதற்கு முன்’ என்று கேட்டான். இரண்டு டூலிலும் ஒரே பெயர்கள் வந்தன. போன தெம்பு திரும்பியது. கூடவே பழைய குணமும்.

“ஒரு பொண்ணு மட்டும் ராத்திரி பன்னிரண்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது போட்டிருக்கா மேடம். நம்ம ஆபீஸ் அஞ்சு மணிக்கே பூட்டியாச்சு. இவளையுமா சேர்க்கணும்?”

“விளம்பரத்துல கடைசி நாளுக்கு மணி போட்டோமா?”

“இல்லை. தேதி மட்டும்தான்.”

“அப்ப அந்த ஒரு நாளைக் கொடுத்துட்டோம். முழுசா கொடு.”