அம்சவேணி கேட்ட சென்னைக் கணக்கு

ஊர் மாறப் போகிற எவரும், அங்கே விலைவாசி எப்படி என்று யாரையாவது கேட்கத்தான் செய்வார்கள். அம்சவேணியும் கேட்டாள். அவளுக்குப் பதில் சொன்ன இருவரும், தெரிந்தும் பேசாமல் இருந்த ஒருவனும் அவளுக்கு வேண்டியவர்கள்தான். நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

அம்சவேணி சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எத்தனை வருடம் ஆனாலும் அங்கே அவளுக்கு மேலே போக வழியில்லை. மேலே இருந்த ஒரே நாற்காலியில் முதலாளியின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்தார், ஒரு பிரிவுக்கே பொறுப்பாளராக அவளை அழைத்தார்கள். சம்பளம் ஒன்றரை மடங்கு. கணவன் வேலாயுதம் எலெக்ட்ரிக்கல் கடையில் விற்பனையாளன். ஒரே மகள் ஒன்றாம் வகுப்பில் சேர இருந்தாள்.

அம்சவேணிக்குக் கடன் என்றாலே நடுக்கம். அவளுடைய அப்பா வட்டி கட்டிக் கட்டியே வீட்டை இழந்தவர். "அங்க போய்க் கடன் வாங்காம இருக்க முடியும்னா போகலாங்க. இல்லேன்னா இங்கயே இருந்துடறேன்" என்று கணவனிடம் சொன்னாள். கடன்படும்படி இருந்தால் போக வேண்டாம் என்று அவனும் வாக்குக் கொடுத்தான்.

முதலில் பல்லாவரத்தில் இருந்த வேலாயுதத்தின் அக்கா மரகதத்தைக் கேட்டாள். மரகதம் எதையும் விடவில்லை. வாடகை சேலத்தைப் போல இரண்டு பங்கு, அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, கோடை வந்தால் தண்ணீர் லாரி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கட்ட வேண்டிய பெருந்தொகை என்று அடுக்கினாள். தன் வீட்டுக் கார் தவணையையும், இரண்டு பையன்களின் நீச்சல் வகுப்பையும்கூட அதோடு சேர்த்துக்கொண்டாள். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவள் மனதில் ஓடியது வேறு. வீடு கிடைக்கும்வரை என்று வந்த கொழுந்தன் குடும்பம் மாதக்கணக்கில் அவள் வீட்டில் தங்கிவிட்டுப் போயிருந்தது. தம்பி குடும்பமும் அப்படி வந்து இறங்கிவிடக் கூடாது என்றுதான் அத்தனை விவரமும் சொன்னாள்.

அம்சவேணி காரையும் நீச்சலையும் கழித்துப் பார்த்தாள். அப்போதும் புதுச் சம்பளம் மட்டுமட்டாகத்தான் வந்தது. அட்வான்ஸ் கொடுத்தால் சேமிப்பு காலி. வேலை வேண்டாம் என்று சொல்லிவிடும் எண்ணத்துக்கே வந்துவிட்டாள்.

கடைசியாக ஒரு முறை ரஹமத்தைக் கேட்டுவிடலாம் என்று போன் செய்தாள். சேலத்தில் அவளோடு வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடம் முன்பு சென்னைக்குக் குடிபோனவள் ரஹமத். "பயப்படாத, அம்சா. கொஞ்சம் பாத்து செலவு பண்ணாப் போதும். எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றாள். உண்மையில், சென்னைக்கு வந்த முதல் வருடத்தில் அவளுடைய வளையல்கள் இரண்டு முறை அடகுக்குப் போய்த் திரும்பின. அதைச் சொன்னால் அம்சவேணி வர மாட்டாள். அந்த மைத்துனருக்குக் கீழேயே காலத்தைத் தள்ளிவிடுவாள். இதை அறிந்துதான் ரஹமத் மறைத்தாள்.

வளையல் சங்கதி வேலாயுதத்துக்குத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் ரஹமத்தின் கணவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். போனை வைத்துவிட்டு வந்த மனைவியின் முகத்தை அவன் பார்த்தான். அவள் அப்படி முகம் மலர்ந்து வெகு காலமாகியிருந்தது.

"ரஹமத்தே நல்லா இருக்கா. நம்ம அங்க வரக் கூடாதுன்னுதான் அண்ணி அப்படிச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. "அப்ப போயிடலாம்" என்றான்.

போனார்கள். வேலாயுதத்துக்கு அங்கே சுலபத்தில் வேலை கிடைக்கவில்லை. கோடையில் வீட்டு ஆழ்துளைக் கிணறு வற்றியது. லாரித் தண்ணீருக்கும் பணம் போனது. மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட, அம்சவேணி தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள். அடகுக் கடையை விட்டு இறங்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆனால் வேலையில் அவளுக்கு நல்ல பெயர் கிடைத்தது. மறு வருடம் வேலாயுதத்துக்கும் ஒரு இடம் அமைந்தது. சங்கிலியை மீட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஹமத் தன் கணவரோடு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கஷ்டம் தீர்ந்த தைரியத்தில் அம்சவேணி சங்கிலிக் கதையைச் சொன்னாள். ரஹமத்தின் கணவர் விவரம் அறியாதவர். தங்கள் வளையலும் அப்படித்தான் போய் வந்தது என்றும், அதை வேலாயுதத்திடம் முன்பே சொன்னதாகவும் சொல்லிவிட்டார்.

அம்சவேணி தோழியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அம்சவேணியின் நல்லதுக்காகத்தான் மறைத்ததாக ரஹமத் சொன்னாள். தெரிந்திருந்தால் வந்திருப்பாயா என்று வேலாயுதம் கேட்டான்.

"வந்தாலும் வந்திருப்பேன், வராமயும் இருந்திருப்பேன். எதுவானாலும் அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும்" என்றாள் அம்சவேணி.

அன்று மாலையே மரகதத்தை அழைத்து, அண்ணியைத் தவறாக நினைத்துவிட்டதாக வருத்தம் தெரிவித்தாள். மறுமுனையில் மரகதம் அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

தன்னலத்துக்காக உண்மையைச் சொன்னாள் மரகதம். அன்பினால் உண்மையை மறைத்தாள் ரஹமத். மனைவியின் மலர்ந்த முகத்துக்காக வாக்கை விட்டான் வேலாயுதம். இவர்களில் அம்சவேணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தவர் யார்?

விடை: மரகதம். அவள் எண்ணம் நல்லதல்ல. ஆனால் அம்சவேணி கேட்டது எண்ணத்தை அல்ல, கணக்கை. ஒருவர் கூட்டிச் சொன்னால், நமக்கு வேண்டாததைக் கழித்துக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டதை எப்படிக் கூட்டிக்கொள்வது? மறைத்த இருவரில் வேலாயுதத்தின் பிழையே பெரிது. வாக்குக் கொடுத்தவன் அவன். பிழைத்துக்கொண்டோமே என்று அவன் சொல்லலாம். பிழைத்துக்கொண்டது அம்சவேணியின் உழைப்பால். அந்தத் துணிச்சலான முடிவையும் அவளே கணக்குப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். அவளுக்காக இன்னொருவர் எடுத்துவிட்டார்.